மலைக்கு அந்தப் பக்கம் ஒரு புதுநகரம்: சுரங்கச் சாலையும் குடிநீரும் எப்படித் திட்டமிடப்படுகின்றன?

ஹாங்காங் அரசு 2021 அக்டோபரில் ‘வடக்குப் பெருநகரம்’ என்ற திட்டத்தை அறிவித்தது. சீனப் பெருநிலத்தின் ஷென்ஜென் நகரை ஒட்டிய சுமார் 300 சதுர கிலோமீட்டர் நிலம், அதில் 25 லட்சம் பேர், 6.5 லட்சம் வேலைகள். இவைதான் அதன் பெரிய எண்கள். அதன்பிறகு வரும் செய்திகளைப் படிக்கிறவருக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. வீடு கட்டுவதைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில், மலையைக் குடைந்து போகும் சாலை, கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கு அனுப்புவது, நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பெரிதாக்குவது என்றே பேச்சு ஓடுகிறது. வீட்டைக் கட்டினால் சாலையும் தண்ணீரும் பின்னாலேயே வந்துவிடாதா?

வராது. ஏன் என்பதற்கு அதே ஊரில் ஐம்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. ஷா டின் என்ற புதுநகரமும், அதையும் தெற்கே இருக்கும் பழைய நகர்ப்பகுதியான கவுலூனையும் பிரிக்கும் லயன் ராக் மலையும்தான் அந்தப் பாடப்புத்தகம்.

அடிப்படை: அளவுகோல்கள் வேறு வேறு

சாலை, தண்ணீர் இரண்டும் இல்லாமல் நகரம் இல்லை. ஆனால் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடும் முறை இரண்டுக்கும் ஒன்றல்ல.

1. சாலையை அளப்பது ஒரு மணி நேரத்தை வைத்து. காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் எத்தனை வண்டிகள் ஒரே திசையில் போகப் பார்க்கும்? சுரங்கத்தில் எத்தனை தடங்கள் என்பதை அதுதான் முடிவு செய்யும். இரவு இரண்டு மணிக்குக் காலியாகக் கிடக்கும் தடத்தைச் சேமித்துக் காலையில் எடுத்துக்கொள்ள வழியில்லை.

2. தண்ணீரை அளப்பது ஒரு மோசமான ஆண்டை வைத்து. தண்ணீரைச் சேமிக்கலாம் என்பதால் ஒரு நாளின் உச்சம் பெரிய சிக்கல் இல்லை. மேட்டில் ஒரு தொட்டி கட்டினால் போதும். மழை பொய்க்கும் ஆண்டில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

3. சுரங்கம் படிப்படியாக வளராது. தரைமேல் போகும் சாலையைப் பத்து ஆண்டு கழித்து ஓரத்தில் அகலப்படுத்தலாம். மலைக்குள் இருப்பதை அப்படிச் செய்ய முடியாது. போதவில்லை என்றால் பக்கத்தில் இன்னொரு முழுக் குழலைத் துளைக்க வேண்டும். முதல் நாள் எடுக்கும் முடிவு அரை நூற்றாண்டுக்குக் கட்டிப்போடும்.

தடம் ஒன்றின் கொள்ளளவு பற்றியும் சொல்லிவிடலாம். தடையில்லாத ஓட்டத்தில் ஒரு தடம் மணிக்கு ஏறத்தாழ 1,500 முதல் 1,800 வண்டிகளைக் கடத்தும். எல்லாமே கார் என்றால், காருக்கு ஒன்றரைப் பேர் என்ற கணக்கில், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். அதே தடத்தில் மணிக்கு 150 இரட்டை அடுக்குப் பேருந்துகள் போனாலே பத்தாயிரம் பேரைத் தாண்டிவிடும். மலைக்குள் போகும் ரயில் இதையும் பல மடங்கு மிஞ்சும். ஆகவே ‘எத்தனை தடங்கள்’ என்ற கேள்வி, உள்ளபடி ‘அந்தத் தடத்தில் எதை ஓடவிடப் போகிறோம்’ என்ற கேள்வி.

சுரங்கத்துக்கே உரிய கட்டுப்பாடுகள் வேறு இருக்கின்றன. பழைய சுரங்கங்களில் பழுதான வண்டியை ஒதுக்கி நிறுத்த ஓரம் கிடையாது. ஒரு லாரி நின்றால் ஒரு தடம் போயிற்று. புகையை வெளியேற்ற விசிறிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சமையல் எரிவாயு, பெட்ரோல் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றிய லாரிகளை உள்ளே விடுவதில்லை. அவை மலைமேல் சுற்றிப் போகும் பழைய சாலையைத்தான் பிடிக்க வேண்டும். எனவே சுரங்கம் வந்தாலும் மலைச்சாலையை மூடிவிட முடிவதில்லை.

1963: நான்கு நாளைக்கு ஒருமுறை நான்கு மணி நேரம்

ஹாங்காங்கில் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கேட்க நிறைய. ஆனால் பெரிய ஆறு இல்லை, ஏரி இல்லை, நிலத்தடியில் கருங்கல் பாறை. பெய்ததெல்லாம் செங்குத்தான மலைகளிலிருந்து நேரே கடலுக்கு ஓடிவிடும். 1963இல் பெய்த மழை 901 மில்லிமீட்டர்தான். பதிவில் இருப்பதிலேயே குறைந்த அளவு. அப்போது மக்கள்தொகை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூனில் குழாயில் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை, அதுவும் நான்கு மணி நேரம் மட்டும். கப்பல்களை அனுப்பி முத்து ஆற்றிலிருந்து தண்ணீர் ஏற்றிவந்தார்கள்.

இந்தப் பஞ்சத்திலிருந்து இரண்டு பெரிய வழிகள் பிறந்ததாகச் சொல்வது வழக்கம். பாதி சரி. டோங்ஜியாங் ஆற்று நீரைக் குவாங்டோங் மாகாணத்திலிருந்து வாங்கும் ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தாகி, 1965 மார்ச்சில் தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் ப்ளோவர் கோவ் நீர்த்தேக்கத்தின் வேலை 1960இலேயே தொடங்கிவிட்டது.

ப்ளோவர் கோவ் அன்றைக்கு உலகத்துக்கே புதிது. நிலத்தில் அணை கட்ட இடமில்லாததால், கடலின் ஒரு கையை இரண்டு கிலோமீட்டர் நீள அணையால் அடைத்து, உள்ளிருந்த உப்புநீரை இறைத்து வெளியே தள்ளி, நல்ல நீரை நிரப்பினார்கள். 1968இல் முடிந்தபோது கொள்ளளவு 17 கோடி கனமீட்டர். 1973இல் அணையை உயர்த்தி 23 கோடி ஆக்கினார்கள். கரையோரக் கிராமங்களில் இருந்தவர்கள் டை போ நகருக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களின் வீடும் வயலும் அந்த நீருக்கடியில்.

தண்ணீருக்குத் தோண்டிய சுரங்கத்தில் சாலை வந்தது

நீர்த்தேக்கம் வடக்கே. நீரைச் சுத்திகரிக்க 1964 முதல் இயங்கும் நிலையம் ஷா டின்னில். குடிக்க வேண்டிய மக்கள் தெற்கே கவுலூனில். நடுவில் லயன் ராக் மலைத்தொடர். சிகரம் 495 மீட்டர். குழாயை மலைமேல் ஏற்றி இறக்குவதென்றால் பம்புக்கு ஆகும் செலவு காலத்துக்கும் தொடரும். ஆகவே குழாய்க்கென்று ஒரு சுரங்கம் திட்டமிடப்பட்டது.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது: எப்படியும் மலையைக் குடையப் போகிறோம், கொஞ்சம் பெரிதாகக் குடைந்தால் சாலையும் போகுமே. பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் வேலையில், அணுகுசாலை, இயந்திரம், ஆட்கள், கழிவுப் பாறையை அகற்றுவது என்று அடிப்படைச் செலவே அதிகம். குறுக்களவைக் கூட்டுவதால் ஆகும் கூடுதல் செலவு இரண்டாவது சுரங்கம் தோண்டும் செலவைவிட மிகக் குறைவு. இப்படித்தான் 1967 நவம்பர் 14 அன்று ஹாங்காங்கின் முதல் சுரங்கச் சாலை திறக்கப்பட்டது. நீளம் 1.4 கிலோமீட்டர். மேலே வண்டி, சாலைக்கு அடியில் குடிநீர்க் குழாய்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தத் துளை யாருக்காகப் போடப்பட்டது என்பது. ஷா டின்னுக்காக அல்ல, கவுலூனின் தாகத்துக்காக. அப்போது ஷா டின் வயல்களும் ஒரு சந்தையூரும் கொண்ட பள்ளத்தாக்கு; 1970களின் தொடக்கத்தில்கூட அங்கே சுமார் 30,000 பேர்தான். சுரங்கம் திறந்ததும் அந்தப் பள்ளத்தாக்கு கவுலூனிலிருந்து சில நிமிடத் தொலைவுக்கு வந்துவிட்டது. ஆளுநர் மக்லெஹோஸ் 1972இல் பத்தாண்டில் 18 லட்சம் பேருக்கு வீடு என்ற திட்டத்தை அறிவித்தபோது, புதுநகரங்களுக்குத் தேர்வான இடங்களில் ஷா டின்னும் ஒன்று. தண்ணீருக்குப் போட்ட துளை இல்லாதிருந்தால் அந்தத் தேர்வு இவ்வளவு எளிதாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

ஒரே துளையில் இரண்டையும் வைப்பதில் சிக்கனம் உண்டு, ஆபத்தும் உண்டு. அடியில் இருக்கும் குழாயைப் பழுதுபார்க்கச் சாலையை மூட வேண்டும். குழாய் வெடித்தால் ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தில் தண்ணீர் நிற்கும், இன்னொரு பக்கத்தில் போக்குவரத்து நிற்கும். சாலையை அகலப்படுத்த நினைத்தால் முதலில் குழாய்க்கு வேறு வழி பார்க்க வேண்டும். புதிதாகத் திட்டமிடுகிறவர்கள் குழாய்க்கும் சாலைக்கும் தனித்தனித் துளை கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1960களில் அந்த ஆடம்பரத்துக்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை.

ஷா டின் வளர்ந்த வரிசை

முதல் குழலில் திசைக்கு ஒரு தடம். எதிரெதிர் வண்டிகள் ஒரே குழலுக்குள். ஷா டின்னின் முதல் பொதுக் குடியிருப்பான லெக் யுவென் 1975இல் வந்தது. அதன்பிறகு நடந்தவற்றைப் பாருங்கள்:

1. 1978 ஜனவரி: லயன் ராக்கின் இரண்டாவது குழல். இப்போது திசைக்கு இரண்டு தடங்கள்.
2. 1983: கவுலூன்–கன்டன் ரயில் பாதையை மின்மயமாக்கி இரட்டைப் பாதையாக்கும் வேலை முடிந்தது. 1910ஆம் ஆண்டின் பழைய ஒற்றைச் சுரங்கத்துக்குப் பதில் புதிய ரயில் சுரங்கம்.
3. 1990: மேற்கே சுன் வானுக்கு ஷிங் முன் சுரங்கங்கள்.
4. 1991: கிழக்குக் கவுலூனுக்கு டேட்ஸ் கேர்ன் சுரங்கம், சுமார் 4 கிலோமீட்டர். கட்டுமானக் காலத்தையும் சேர்த்து 30 ஆண்டு உரிமம் பெற்ற தனியார் நிறுவனம் கட்டி, கட்டணம் வசூலித்து, 2018 ஜூலையில் அரசிடம் ஒப்படைத்தது.
5. 2008: ஈகிள்ஸ் நெஸ்ட் சுரங்கம் வழியாக மேற்குக் கவுலூனுக்கு இன்னொரு சாலை.
6. 2020: லயன் ராக் மலைக்குள் இன்னொரு ரயில் பாதை.

2021 கணக்குப்படி ஷா டின் மாவட்டத்தில், மா ஒன் ஷானையும் சேர்த்து, கிட்டத்தட்ட 7 லட்சம் பேர். ஆறு முறை மலையைக் குடைந்தும் லயன் ராக்கில் நெரிசல் தீரவில்லை. நாளொன்றுக்குச் சுமார் 90,000 வண்டிகள் அதில் போகின்றன. அதன் கட்டணம் நெடுங்காலம் 8 ஹாங்காங் டாலர்தான். தனியாரிடம் இருந்த டேட்ஸ் கேர்னில் கட்டணம் அதிகம். ஆகவே மலிவான துளையில் கூட்டம், விலை கூடிய துளையில் இடம். சுரங்கத்தின் கொள்ளளவைக் கான்கிரீட் மட்டும் தீர்மானிப்பதில்லை, சுங்கச் சாவடியில் இருக்கும் கட்டணப் பலகைக்கும் அதில் பங்கு உண்டு.

கணக்கு எங்கே தப்பியது?

தலைகளை எண்ணியதில் பெரிய தவறு இல்லை. வேலைகளை எண்ணியதில்தான்.

புதுநகரங்களின் அடிப்படைக் கொள்கை தன்னிறைவு. வீடு, பள்ளி, கடை, தொழிற்சாலை எல்லாம் அதே நகரத்துக்குள் இருக்கும்; காலையில் எல்லோரும் மலையைத் தாண்ட வேண்டியிருக்காது. ஷா டின்னில் ஃபோ டான், சியு லெக் யுவென் ஆகிய தொழிற்பகுதிகள் அதற்காகத்தான் ஒதுக்கப்பட்டன. காகிதத்தில் இது சரியாகவே இருந்தது.

1980களில் சீனா கதவைத் திறந்தது. ஹாங்காங் தொழிற்சாலைகள் குறைந்த கூலியைத் தேடி ஷென்ஜெனுக்கும் டோங்குவானுக்கும் போயின. மிஞ்சிய வேலைகள் வங்கி, காப்பீடு, வணிகம். அவற்றுக்கான அலுவலகங்கள் துறைமுகத்தின் இரு கரையிலும். ஷா டின்வாசி காலையில் தெற்கே, மாலையில் வடக்கே என்று ஓட வேண்டியதாயிற்று. சுரங்கத்தின் ஒரு திசை நிரம்பி வழிய, எதிர்த் திசையில் இடம் கிடந்தது.

இதே இடப்பெயர்ச்சி தண்ணீரில் நேர்மாறான விளைவைத் தந்தது. 1989இல் போட்ட டோங்ஜியாங் ஒப்பந்தம், ஹாங்காங்கின் தேவை ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும் என்று நம்பி, வாங்கும் அளவையும் ஆண்டுக்காண்டு கூட்டி எழுதப்பட்டிருந்தது. ஆனால் தண்ணீரை அதிகம் குடிப்பவை சாயப்பட்டறைகளும் துணி ஆலைகளும் அல்லவா? அவை போய்விட்டன. தேவை வளரவில்லை, ஒப்பந்தத் தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. 1990களின் நடுவில் மழையும் நன்றாகப் பெய்ய, காசு கொடுத்து வாங்கியும் நீர்த்தேக்கங்கள் நிரம்பிக் கடலுக்கு வழிந்தது. நான்கு மணி நேரத் தண்ணீரை நினைவில் வைத்திருந்த தலைமுறைக்கு அது ஆத்திரமூட்டியது. 1998இல் கூடுதல் அளவைக் குறைத்து மாற்றிக்கொண்டார்கள்.

தொழிற்சாலை வெளியேறியது என்ற ஒரே காரணம், சாலையில் பற்றாக்குறையையும் தண்ணீரில் மிகையையும் உண்டாக்கியது. வீட்டின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டுக்கும் திட்டம் போட்டால் இரண்டுமே தப்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒற்றை வழி நகரம்: செங் குவான் ஓ

கிழக்கே கடலோரமாக 1980களில் தொடங்கிய செங் குவான் ஓ நகரத்தின் நிலை இன்னும் கடினம். 1990 நவம்பரில் அதற்கு ஒரு சுரங்கச் சாலை கிடைத்தது. அதை விட்டால் மலையைச் சுற்றும் சாலைகள்தான். ரயில் 2002இல் வந்தது. இன்னொரு சுரங்கச் சாலை, லாம் டின்னுக்கு, 2022 டிசம்பர் 11 அன்றுதான் திறந்தது. இடைப்பட்ட 32 ஆண்டுகளில் நகரம் நான்கு லட்சம் பேரை எட்டிவிட்டது. சுரங்கத்தில் ஒரு விபத்து என்றால் பாதி நகரம் காலையில் தாமதம்.

புதிய சுரங்கம் திறந்த அன்றே பழையதிலும் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு. ஒன்றில் மட்டும் கட்டணம் இருந்திருந்தால் லயன் ராக் கதை இங்கேயும் நடந்திருக்கும்.

இன்றைய தண்ணீர்க் கணக்கு

ஹாங்காங்கின் 17 நீர்த்தேக்கங்களின் மொத்தக் கொள்ளளவு 58.6 கோடி கனமீட்டர். அதில் ஏறத்தாழ ஒன்பதில் எட்டுப் பங்கு ப்ளோவர் கோவிலும், 1978இல் முடிந்த ஹை ஐலண்ட் தேக்கத்திலும் இருக்கிறது. ஆண்டுப் பயன்பாடு 100 கோடி கனமீட்டருக்குச் சற்று மேல். அதாவது எல்லாம் நிரம்பியிருந்தாலும் ஏறத்தாழ அரை ஆண்டுத் தண்ணீர்தான். ஆகவே டோங்ஜியாங் நீர் தவிர்க்க முடியாதது. ஆண்டுக்கு 82 கோடி கனமீட்டர் வரை வாங்கலாம், நன்னீரில் முக்கால் பங்கு அதுதான். டோங்ஜியாங்கை நம்பி வேறு நகரங்களும் இருப்பதால் இந்த உச்சவரம்பு எளிதில் உயராது. வடக்குப் பெருநகரத்தின் 25 லட்சத்தில், ஏற்கனவே அங்கே இருப்பவர்கள் போகக் கூடுதலாக வரும் 15 லட்சம் பேருக்கு எங்கிருந்து எடுப்பது?

கழிப்பறைதான் முதல் விடை. 1950களின் கடைசியிலிருந்தே ஹாங்காங் கழிப்பறைகளுக்குக் கடல்நீரைத் தனிக் குழாயில் அனுப்புகிறது. இன்று மக்களில் சுமார் 85 சதவீதம் பேர் இதற்குள். ஷா டின்னிலும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டடத்திலும் இரண்டு குழாய் அமைப்பு, உப்பு அரிக்காத பொருள் என்று செலவு கூடுதல். பழைய நகரத்தில் இதைச் செருகுவது கஷ்டம், புதுநகரத்தில் முதல் நாளே போடலாம். புதுநகரம் கட்டுவதில் கிடைக்கும் உண்மையான ஆதாயம் இதுதான் என்பேன்.

அடுத்தது கசிவு. 2000 முதல் 2015 வரை 3,000 கிலோமீட்டர் பழைய குழாயை மாற்றியும் செப்பனிட்டும், கசிவை 25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக்கினார்கள். பத்து சதவீதம் என்பது சின்ன விஷயமில்லை. ஒப்பிட்டுப் பாருங்கள்: செங் குவான் ஓவில் 2023 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நாளுக்கு 13.5 கோடி லிட்டர் தருகிறது. சென்னை அருகே நம் நெம்மேலியில் உள்ள இரண்டாவது கடல்நீர் ஆலையைவிடச் சற்றுச் சிறியது. மொத்தத் தேவையில் அது சுமார் 5 சதவீதம்தான். கசிவைக் குறைத்ததன் பலன் இப்படிப்பட்ட இரண்டு ஆலைகளுக்குச் சமம், மின்சாரச் செலவும் இல்லை. ஆனாலும் ஆலை வேண்டும்: 1963 போன்ற ஆண்டில் கடல் வற்றாது. பிற நாட்களில் தூங்கும் காப்பீடு போல அதைப் பார்க்க வேண்டும்.

வடக்குக்குத் திரும்பினால்

இப்போது வடக்குப் பெருநகரச் செய்திகள் புரியும். அதில் அடங்கும் ஷியூங் ஷுயி, ஃபான்லிங் பகுதிகள் கடலுக்கு எட்டத்தில் இருக்கின்றன. கழிப்பறைக்குக் கடல்நீரை அவ்வளவு தூரம் இறைத்துக் கொண்டுபோவது கட்டுப்படியாகாது. அங்கே இதுவரை நன்னீரே வீணாகிக்கொண்டிருந்தது. ஷெக் வு ஹுயி நிலையத்தில் கழிவுநீரை நன்கு சுத்திகரித்து 2024 முதல் கட்டம் கட்டமாகக் கழிப்பறைக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். மக்கள் பெருகப் பெருகக் கழிவுநீரும் பெருகும் என்பதால், இந்த ஒரு நீர் ஆதாரம் மட்டும் நகரத்தோடு சேர்ந்தே வளரும்.

சாலைப் பக்கம், வடமேற்கே யுவென் லாங்கிலிருந்து லாந்தாவ் தீவின் வடக்குப் பகுதிக்கு மலைகளைக் குடைந்து ‘11ஆம் வழித்தடம்’ என்ற நெடுஞ்சாலை திட்டமிடப்பட்டிருக்கிறது. அது எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்பதைத் தீர்மானிக்கப்போவது 25 லட்சம் என்ற எண் அல்ல. அந்தப் பகுதியில் அறிவிப்பின்போது இருந்த வேலைகள் 1.16 லட்சம். அதை 6.5 லட்சமாக்குவதாகச் சொல்கிறார்கள்; சான் டின் பகுதியில் வரவிருக்கும் தொழில்நுட்ப வளாகம் அதன் மையம். அது நடந்தால் காலையில் வடக்கே போகும் கூட்டம் உருவாகி, இதுவரை காலியாக ஓடிய எதிர்த் திசைத் தடங்கள் பயன்படும். வீடுகள் முதலில் நிரம்பி, வேலைகள் பத்து ஆண்டு கழித்து வந்தால், அந்தப் பத்து ஆண்டும் எல்லோரும் தெற்கே போகும் அதே சுரங்கங்களில்தான். இனி வரும் செய்திகளில் வீட்டு எண்ணிக்கையோடு, எந்த ஆண்டுக்குள் எத்தனை வேலைகள் என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.